குவாதலூப்: எந்தச் சிறகில் தங்குவது, எதற்கு நாளை ஒதுக்குவது

கரீபியன் தீவு ஒன்றுக்குப் போவது என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் ஹோட்டல் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். குவாதலூப்பில் அந்த வரிசையே பயணத்தைக் கெடுத்துவிடும். வரைபடத்தில் சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரி தெரியும் இந்தப் பிரெஞ்சுத் தீவில் ஹோட்டல்கள் பெரும்பாலும் ஒரே சிறகின் தென்கரையில் குவிந்து கிடக்கின்றன. எரிமலை, அருவி, மழைக்காடு, ஆமைகள் மேயும் கடல் எல்லாம் மறு சிறகில். நல்ல நீச்சல் குளம் தெரிகிறதே என்று பத்து இரவையும் ஒரே இடத்தில் பதிவு செய்தவர்கள், விடுமுறையில் பாதியை காருக்குள் உட்கார்ந்து கழிக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் ஹோட்டல் நான்காவது படியில்தான் வருகிறது.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். கிழக்குச் சிறகின் பெயர் கிராந்த்-தேர். சுண்ணாம்புப் பாறைத் தரை, கரும்புத் தோட்டம், வெள்ளை மணல், பவளப்பாறை அணைத்து வைத்த அமைதியான கடல். மேற்குச் சிறகு பாஸ்-தேர். எரிமலை கட்டியெழுப்பிய மலைநாடு. மழை கொட்டும், காடு அடர்ந்திருக்கும், மணல் பொன்னிறத்திலிருந்து கறுப்பு வரை மாறும். இரண்டையும் பிரிப்பது ரிவியேர் சாலே என்ற ஒடுங்கிய உப்புநீர்க் கால்வாய். அதைக் கடக்க இரண்டே பாலங்கள். சுற்றிலும் மரி-கலாந்த், லே சான்த், லா தெஸிராத், ஆளில்லாத பெத்தித்-தேர் என்று குட்டித் தீவுகள். எல்லாம் சேர்த்து 1,600 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சின்ன இடம்தானே என்று தோன்றும். மலைச்சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு மாறிவிடும்.

படி 1: விசா, விமானம்

குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இதில்தான் பலர் இடறுகிறார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் கையில் ஷெங்கன் விசா இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது. பிரெஞ்சுக் கடல்கடந்த மாவட்டங்களுக்குச் செல்லும் என்று குறிப்பிட்ட விசா தேவை. விண்ணப்பிக்கும்போதே போகும் இடம் குவாதலூப் என்று எழுதிவிடுங்கள். பாரிஸ் வழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விமான நிலையத்தில் இறங்கி வேறொன்றுக்கு மாற வேண்டியிருக்கும். பிரான்சுக்குள் நுழையாமல் அது நடக்காது, ஆகவே ஷெங்கன் விசாவும் வேண்டும். பிரான்சில் குடியிருப்பு அட்டையோடு வாழும் நம்மவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. கனடா, பிரிட்டன் குடியுரிமை உள்ளவர்களுக்கும் குறுகிய பயணத்துக்கு விசா கிடையாது.

பாரிசின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து நேரடி விமானங்கள் தினமும் உண்டு, எட்டரை மணி நேரம் வரை ஆகும். மொன்ட்ரியாலிலிருந்தும் நேரடியாகப் பறக்கலாம். தீவு விமான நிலையம் இரண்டு சிறகுகளும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், புவான்ட்-அ-பீத்ர் நகரை ஒட்டி இருக்கிறது. எந்தப் பக்கம் தங்கினாலும் தொடக்கம் சமதூரம்தான்.

படி 2: எந்த மாதம்

டிசம்பர் முதல் மே வரை வறண்ட பருவம். ஜூன் முதல் நவம்பர் வரை மழையும் புயலும் வரக்கூடிய பருவம். ஆகஸ்ட், செப்டம்பரில்தான் புயல் அபாயம் அதிகம். கிறிஸ்துமஸ், பிப்ரவரிப் பள்ளி விடுமுறை, ஈஸ்டர் ஆகிய மூன்று சமயமும் பிரான்சிலிருந்து கூட்டம் வந்து இறங்கும், விமானக் கட்டணம் எகிறும். என்னைக் கேட்டால் ஜனவரி நடுப்பகுதி அல்லது ஈஸ்டர் முடிந்த பிறகு மே மாதம்.

மழையைவிட அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011 முதல் அட்லாண்டிக்கிலிருந்து பெரும் பெரும் திட்டாக மிதந்து வந்து கரை ஒதுங்குகிறது. குவிந்து அழுகினால் கூழ்முட்டை நாற்றம். அந்த வாயு தலைவலியைக் கொடுக்கும், ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகவே ஆகாது, வெள்ளிப் பாத்திரத்தைக்கூடக் கறுக்க வைக்கும். பொதுவாக மார்ச்சுக்குப் பிறகு கோடை முழுக்க அதிகம். கிழக்கையும் தெற்கையும் பார்த்த கரைகள்தான் அடி வாங்கும். பாஸ்-தேரின் மேற்குக் கரையில், அதாவது தேஹேயிலிருந்து தெற்கே, இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே மேற்குக் கரையில் கூடுதல் இரவுகளை வைக்கலாம். பாசி எங்கே ஒதுங்கும் என்ற முன்னறிவிப்பை பிரெஞ்சு வானிலைத் துறை வெளியிடுகிறது. கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்காகப் போகிறீர்கள் என்றால் கணக்கே வேறு. ஜனவரி முதல் சாம்பல் புதன் வரை ஞாயிறுதோறும் கார்னிவல் ஊர்வலம் நடக்கும். கடைசி நாட்களில் ஊரே தெருவில்தான். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள். மோர்ன்-அ-லோ ஊரின் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சதுரங்கப் பலகை போல கறுப்பு வெள்ளை ஓடு பதித்தது. சரிவில் அடுக்கடுக்காக வீடு மாதிரி நிற்கும் கல்லறைகளில் அன்று இரவு ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகள் எரியும். குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள், வெளியே நிலக்கடலை விற்பார்கள்.

படி 3: எந்தச் சிறகு

இதுதான் முக்கியமான முடிவு. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கிராந்த்-தேரின் தென்கரையில் மூன்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. விமான நிலையத்துக்கு மிக அருகே கோசியே: ஹோட்டல்கள், உணவகங்கள், இரவு நடமாட்டம். எதிரே கலங்கரை விளக்கத்தோடு ஒரு குட்டித் தீவு தெரியும், படகில் சில நிமிடம். வசதி உண்டு, அமைதி குறைவு. பாதி நகரம் என்றே சொல்லலாம். சாந்த்-ஆன் அடுத்தது. ஊர்க் கடற்கரையே பவளப்பாறை அணைப்புக்குள் இருப்பதால் குழந்தைகள் இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் விளையாடலாம். கரவெல் கடற்கரையின் தென்னை சாய்ந்த வெள்ளை மணல்தான் நீங்கள் விளம்பரங்களில் பார்ப்பது. கூட்டம் பிடிக்காதவர்கள் ஊருக்குக் கிழக்கே பொவா ஜொலான் போகலாம். கரையோரம் நீளமாக, ஆழமே இல்லாமல் இருக்கும். கிழக்குக் கோடியில் சான்-ஃபிரான்சுவா. மீன்பிடித் துறையும் படகுத்துறையும் சேர்ந்த ஊர். பெத்தித்-தேருக்கும் லா தெஸிராத்துக்கும் படகு இங்கிருந்துதான். அதற்கும் அப்பால் புவான்ட் தே ஷாத்தோ முனை. பாறைமேல் சிலுவை, கீழே கொந்தளிக்கும் அட்லாண்டிக். பார்க்க அற்புதம், அங்கே கடலில் இறங்குவது தற்கொலை.

சின்னக் குழந்தைகளோடும் வயதான அப்பா அம்மாவோடும் போகிறவர்களுக்கு நான் சாந்த்-ஆனைத்தான் சொல்வேன். மாலையில் நடந்தே கடைக்குப் போகலாம், கடற்கரைச் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது, விமான நிலையம் அரைமணி.

பாஸ்-தேரில் தங்குவதற்கு மூன்று பக்கங்கள் உண்டு. வடமேற்கில் தேஹே: மலை மடிப்புக்குள் சிறு துறைமுகம், பாய்மரப் படகுகள், சிவப்புக் கூரைகள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் துப்பறியும் தொடர் ஒன்று இங்கே படமாக்கப்படுவதால் ஊர் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்த முகமாக இருக்கும். பக்கத்தில் கிராந்த் அன்ஸ், ஒரு கிலோமீட்டர் நீளப் பொன்மணல் கடற்கரை. அலை சில நாள் இழுக்கும், சிறுபிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் தெற்கே பூயான்த், மலாந்தூர் பகுதி: கடலுக்கடியில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இருப்பிடம் தீவில் இல்லை. தென்கோடியில் த்ருவா-ரிவியேர், சான்-குளோத்: எரிமலை ஏறுபவர்களுக்கும் லே சான்த் போகிறவர்களுக்கும் வசதி. வாழைத் தோட்டம், குளிர்ந்த காற்று, இரவில் தவளைச் சத்தம். சான்-குளோத்தில் குளிர்சாதனமே வேண்டாம். ஆனால் கடற்கரை விடுமுறை என்று நினைத்து வருபவர்களுக்கு அங்கே மழை எரிச்சலைக் கொடுக்கும்.

ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு வீடு எடுங்கள். முதல் பாதி பாஸ்-தேரின் மேற்குக் கரை, இரண்டாம் பாதி சாந்த்-ஆன் அல்லது சான்-ஃபிரான்சுவா. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. பாரிசிலிருந்து வருபவர்களுக்கு ஐந்தாறு மணி நேர வித்தியாசத்தில் முதல் சில நாள் விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். மலையேற அதைவிட நல்ல நேரம் கிடையாது. உடம்பு களைத்த பிறகு மணலில் படுத்துக்கொள்ளலாம்.

ஒரே வீடுதான் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தேஹேயைப் பாருங்கள். கடற்கரை, ஆமைகள், காட்டுச்சாலை மூன்றும் அரைமணிக்குள். விமான நிலையம் முக்கால் மணி.

ஒரு எச்சரிக்கை: இரண்டு சிறகுகளுக்கும் நடுவே, பாலங்களை ஒட்டி ஜாரி என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. தீவின் பாதிப் பேர் வேலைக்கு அங்கே போவது போலத் தெரியும். காலை 6:30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6 வரையும் அந்தப் பக்கம் போனால் வண்டி நகராது.

படி 4: வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

இங்கே ஹோட்டலைவிட ஜீத் என்று சொல்லும் சமையலறையோடு கூடிய விடுமுறை வீடுகள்தான் அதிகம். தோட்டத்துக்குள் மரக்குடில், முன்னால் திண்ணை, திண்ணையிலேயே அடுப்பு. சமைத்துச் சாப்பிடும் நமக்கு இது தோதானது. ஏனென்றால் மளிகைச் சாமான் பிரான்சைவிட நன்றாகவே விலை அதிகம். வெளியிலிருந்து வரும் சரக்குக்கெல்லாம் கடல்வரி என்று ஒன்று சேர்கிறது. உணவகத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டால் கட்டுப்படியாகாது.

முதல் கேள்வி தண்ணீர். படங்களில் நீச்சல் குளம் மினுங்கும் வீட்டில் குழாயில் காற்று வரலாம். பாஸ்-தேர் மலையில் தண்ணீர் நிறையவே இருக்கிறது. ஆனால் பழைய குழாய்களில் பாதிக்கும் மேல் கசிந்தே போய்விடுவதால் பல ஊர்களில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். கிராந்த்-தேரில் இது அதிகம். ஆகவே, “வீட்டுக்குத் தனித் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் இருக்கிறதா?” என்று எழுதிக் கேளுங்கள். நேரான பதில் வந்தால் எடுங்கள். “இந்த வாரம் பிரச்சினை இல்லை” என்று வந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.

அப்புறம் வீட்டுக்குப் போகும் பாதை. மேற்குக் கரையில் கடல் தெரியும் வீடு என்றாலே மேட்டில்தான் இருக்கும், சில சரிவுகளில் சின்ன கார் முதல் கியரில் திணறும். படுக்கையறையில் குளிர்சாதனமா மின்விசிறியா, கொசுவலை உண்டா (டெங்கு வரும் ஊர்), அதிகாலையில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவுமா என்பதையும் பாருங்கள். சேவலுக்கு மட்டும் தீர்வில்லை, எல்லா ஊரிலும் கூவும்.

காலணிகள் காய வைக்க இடம் இருக்கிறதா என்பது அற்பமான கேள்வி மாதிரி தோன்றும். மழைக்காட்டில் நடந்து சேறோடு திரும்பும் அன்று அதன் அருமை தெரியும்.

படி 5: கார்

வாடகைக் கார் இல்லாமல் இந்தத் தீவை அனுபவிக்க முடியாது. பேருந்து உண்டு, ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதை நம்பி வெளியே கிளம்ப முடியாது. வண்டி வலப்பக்கம் ஓட வேண்டும். கையால் கியர் மாற்றும் கார்கள்தான் பெரும்பாலும். தானியங்கி வேண்டுமானால் மாதங்கள் முன்பே சொல்லி வைக்கவும். இந்திய உரிமம் இருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்லுங்கள். நடைபாதை தொடங்கும் இடங்களில் காரை நிறுத்தும்போது இருக்கையில் பை எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மாலை ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். அந்தி என்று ஒன்று கிடையவே கிடையாது. மலைச்சாலையிலிருந்து அதற்குள் இறங்கிவிடுவது நல்லது.

படி 6: நாட்களை எதில் செலவிடுவது

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. எனக்கு முக்கியமாகத் தோன்றும் வரிசையில் சொல்கிறேன்.

முதலில் லா சூஃப்ரியேர். 1,467 மீட்டர், கிழக்குக் கரீபியனின் சிறிய அண்டிலீஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம், உயிரோடு இருக்கும் எரிமலை. 1976-இல் குமுறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் வெளியேற்றினார்கள். சான்-குளோத்துக்கு மேலே பான் ஜோன் என்ற இடத்தில் காரை விட்டு நடக்க வேண்டும். முதலில் கல் பாவிய காட்டுப்பாதை, பிறகு மரங்கள் தீர்ந்து பாசியும் புதரும் மட்டும், அப்புறம் காற்று. உச்சிக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும். உச்சியில் கந்தகப் புகை வேகமாகச் சீறி வரும் பிளவுகளின் பக்கம் கயிறு கட்டித் தடுத்திருப்பார்கள். வாயு உண்மையிலேயே ஆபத்தானது, தாண்ட வேண்டாம். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் சிகரம் மேகத்துக்குள் இருக்கும். காலையில் வீட்டு வாசலில் நின்று பார்த்து மேகம் இல்லையென்றால் அன்றைய திட்டத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். மழைச்சட்டையும் ஒரு கம்பளிச் சட்டையும் கட்டாயம். இறங்கி வந்ததும் பான் ஜோனில் வெதுவெதுப்பான ஊற்றுநீர்க் குளம் கூப்பிடும். காலை நனைத்துக்கொள்ளலாம், தலையை மட்டும் நீருக்குள் விடக்கூடாது. வெந்நீர் ஊற்றுகளில் அமீபா இருக்கக்கூடும் என்று அங்கேயே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது மலாந்தூர் கடல். கறுப்பு மணல் கரைக்கு எதிரே பிஜோன் என்ற இரு சிறு தீவுகள். சுற்றியுள்ள கடல், பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் குஸ்தோவின் பெயரால் அழைக்கப்படும், தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் உள்ள பகுதி. முக்குளிக்கத் தெரிந்தவர்களை அழைத்துப்போகும் நிலையங்கள் கரையிலேயே உண்டு. தெரியாதவர்கள் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு கரையிலிருந்து நீந்தினாலே போதும்: அடியில் கடற்புல் மேய்ச்சல், அதில் பச்சை ஆமைகள் பசு மாதிரி தலை குனிந்து மேய்ந்துகொண்டிருக்கும், மூச்சு விட மட்டும் மேலே வரும். தொடாதீர்கள், மேலே வரும்போது வழியை மறிக்காதீர்கள். காலை ஒன்பதுக்கு முன் போனால் நீரும் தெளிவு, ஆளும் குறைவு.

மூன்றாவதாக ஒரு குட்டித் தீவில் இரவு தங்குங்கள். பகலில் போய்விட்டு மாலையில் திரும்புவதைச் சொல்லவில்லை. த்ருவா-ரிவியேரிலிருந்து இருபது நிமிடப் படகில் லே சான்த் கூட்டத்தின் தேர்-தெ-ஓ. அங்கே நாலு மணிப் படகு கிளம்பும்வரை தெருவெல்லாம் சுற்றுலாக்காரர்கள். கடைசிப் படகு போன பிறகுதான் ஊர்க்காரர்கள் கரையில் வந்து உட்காருவார்கள். மேட்டில் இருக்கும் நெப்போலியன் கோட்டை காலையில் மட்டும் திறந்திருக்கும். சுற்றிலும் கள்ளிச்செடித் தோட்டம், அதில் உடும்பு போல இகுவானாக்கள். படகுத்துறையில் தேங்காய் இனிப்பு வைத்துச் சுட்ட சிறு வட்டக் கேக்கைக் கூடையில் விற்பார்கள், சூடு ஆறுவதற்குள் சாப்பிடுங்கள்.

மரி-கலாந்த் இதற்கு நேர்மாறு. பரந்து தட்டையான கரும்புத் தீவு, பழைய காற்றாலைகளின் கல்கோபுரங்கள், வெறிச்சோடிய கடற்கரைகள், 59 டிகிரி (அதாவது 59 சதவீதம் ஆல்கஹால்) ரம் வடிக்கும் ஆலைகள். புவான்ட்-அ-பீத்ரிலிருந்து ஒரு மணி நேரம் படகு, அலை தூக்கிப் போடும். இரண்டு இரவு இருந்தால்தான் அதன் நிதானம் பிடிபடும். ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் என்றால் முதல்முறை வருபவர்கள் லே சான்த். கூட்டத்திலிருந்து தப்பிக்க நினைப்பவர்கள் மரி-கலாந்த். பெத்தித்-தேரில் தங்க முடியாது, அது இயற்கைக் காப்பகம். சான்-ஃபிரான்சுவாவிலிருந்து ஒருநாள் படகுப் பயணம்தான், ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு, அதனால் முன்பதிவு அவசியம். கண்ணாடி போன்ற காயலும் ஆயிரக்கணக்கான இகுவானாக்களும் உண்டு. போகும்போது எதிர்காற்று, வாந்தி வருபவர்கள் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அருவி பார்க்க கார்பே. மூன்று அடுக்கில் இரண்டாவதுதான் எல்லோருக்கும் ஏற்றது, 110 மீட்டர். நுழைவாயிலிலிருந்து அரைமணிக்குள் பார்வை மேடை. மலையைக் குறுக்கே வெட்டும் திராவெர்சே சாலையில் இன்னும் சுலபமான ஒன்று, ஐந்து நிமிட நடையில் எக்ரெவிஸ் அருவி. பாட்டி தாத்தாவும் வரலாம். மேலே மழை பெய்து ஆறு திடீரென்று கலங்கினால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நீரைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நம் ஆட்கள் வந்த வழி

1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1854 டிசம்பர் இறுதியில் முதல் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர்கள் அவர்களில் பெரும்பகுதி. ஏராளமானோர் நோயிலும் வேலையிலும் மாண்டார்கள். பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குக்கூட ஓட்டுரிமை மறுக்கப்பட்டது. கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904-இல் அதற்காக வழக்கு தொடுத்தார். உரிமை கைக்கு வர 1923 ஆயிற்று.

கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஷாங்கி கோயில் நிற்கிறது. வண்ணச் சிலைகளும் கோபுரமுமாக, வாழைத்தோட்டத்துக்கு நடுவில். இந்தத் தீவில் மாரியம்மனும் மதுரை வீரனும்தான் முக்கியத் தெய்வங்கள். கிடா வெட்டும் உண்டு. பூசையில் தமிழ்ப் பாட்டு பாடுவார்கள், அதே ஆட்கள் வெளியே வந்து தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுவார்கள். ராமசாமி, வீரசாமி என்ற குடும்பப் பெயர்களைக் கடைப்பலகைகளில் பார்க்கலாம். பூசை நடக்கும் நாளில் போனால் ஓரமாக நில்லுங்கள், கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். சுற்றுலா இடம் என்று நுழைவதைவிட அம்மனைக் கும்பிட வந்தவர் என்று நுழைவது பொருத்தம்.

புவான்ட்-அ-பீத்ரில் பழைய சர்க்கரை ஆலை நின்ற இடத்தில் 2015-இல் திறந்த மெமோரியல் ஆக்ட் அருங்காட்சியகம் அடிமை வணிகத்தின் வரலாற்றைச் சொல்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். மனத்தைக் கனக்க வைக்கும் இடம். அன்று வேறெதுவும் வைக்காதீர்கள்.

சாப்பாடு

கொலம்போ என்ற குழம்பை எல்லா உணவகத்திலும் பார்ப்பீர்கள்: கொத்தமல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், கடுகு சேர்த்து அரைத்த பொடி, கோழி அல்லது ஆட்டுக்கறி, பக்கத்தில் சோறு. நம் வீட்டிலிருந்து போனதுதான், ஆனால் காரம் இருக்காது. மிளகாயைப் பொடியில் சேர்ப்பதில்லை. முழு மிளகாய் ஒன்றை மேலே மிதக்க விடுவார்கள், அல்லது தனிக் கிண்ணத்தில் தருவார்கள். அந்த மிளகாயைச் சாதாரணமாக எண்ணிக் கடித்துவிடாதீர்கள்.

மாலையில் சாலையோர வண்டிகளில் பொக்கித் வாங்குங்கள். புளித்த மாவை உள்ளங்கை அளவு தட்டி, கொதிக்கும் எண்ணெயில் போட்டதும் பூரி போல உப்பும். அதைப் பக்கவாட்டில் கீறி, உள்ளே கருவாடோ கோழியோ முட்டையோ காய்கறியோ அடைத்துத் தாளில் சுற்றித் தருவார்கள். சூடாறினால் எண்ணெய்ப் பிசுக்கு. கடற்கரையில் மரவாளியைக் கையால் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ் எடுக்கும் அம்மாக்களைப் பார்த்தால் வரிசையில் நின்றுவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு உணவகத்தில் சிரமம்தான். சந்தையில் சிரமமில்லை: சௌசௌ, பரங்கி, கத்தரி, ஈரப்பலா, பச்சை வாழை எல்லாம் கிடைக்கும். கிழங்கு வகைகளை மட்டும் முறையான சந்தையில் வாங்குங்கள், சாலையோரத்தில் வேண்டாம். 1972 முதல் 1993 வரை வாழைத்தோட்டங்களில் அடித்த குளோர்தெகோன் என்ற பூச்சிமருந்து தெற்கு பாஸ்-தேர் மண்ணில் இன்னும் தங்கியிருக்கிறது, கிழங்கில் ஏறும். கடைக்குள் நுழைந்ததும் “பொன்ஷூர்” சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சொல்லாவிட்டால் முகம் சுருங்கும்.

கடற்கரையில் ஒரு மரம்

தண்டில் சிவப்பு வண்ணம் அடித்த மரத்தைப் பார்த்தால் விலகுங்கள். மன்சனில்லா: பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற காயைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. மழைக்கு அதன் கீழே ஒதுங்கினாலும் சொட்டும் நீர் சுடும். எல்லா மரத்திலும் வண்ணம் இருக்கும் என்று நம்ப முடியாது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். கடலில் ஏதாவது நடந்தால் 196, மற்ற அவசரத்துக்கு 112.

கடைசி நாள்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பும். வீட்டை காலை பத்து, பதினொன்றுக்குள் காலி செய்யச் சொல்வார்கள், நடுவில் ஆறு மணி நேரம் தொங்கும். அதற்குத்தான் கடைசி இரவுகளை கிராந்த்-தேரில் வைக்கச் சொன்னது. பெட்டியை வீட்டுக்காரர் மாலைவரை வைத்துக்கொள்வாரா என்று பதிவின்போதே கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் சாந்த்-ஆன் கடற்கரை. இல்லையென்றால் பெட்டியோடு காரைக் கடற்கரையோரம் விடாமல், காவல் உள்ள நிறுத்துமிடமாகப் பார்த்து விட்டுவிட்டு, புவான்ட்-அ-பீத்ரின் சாந்த்-அந்துவான் சந்தையில் மசாலாப் பொடியும் வனிலாவும் வாங்கலாம். பொடி வாங்குவதற்கு முன் முகர்ந்து பாருங்கள். வாசனை இல்லாமல் நிறம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அடுத்த கடை. விமான நிலையத்துக்கு நாலு மணிக்கு முன் கிளம்பிவிடுங்கள். ஜாரி காத்திருக்கும், காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்திலும் வரிசை இருக்கும்.